பதினாறுக்கும் இருபத்து நான்குக்கும் இடையில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கடிதத்தின் கடைசியில் ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது. உன் மாமா, என் கூடப்பிறந்த அண்ணன், தன் மகள் பூரணத்தை உனக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோயில் முன்றலில், ஊர் கூடியிருக்க, நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். ஊருக்கு அவர் சொல்லும் காரணம் சாதகப் பொருத்தம். உண்மைக் காரணம் வேறு. எங்கள் வட்டையில், இந்த வயல்வெளி முழுவதிலும், ஏக்கருக்குப் பதினாறு புசல் நெல் விளைந்தது என்று நீ ஒற்றை எண்ணாக எழுதித் தரவேண்டும் என்றார். என் மகன் அப்படி எழுதமாட்டான் என்று நான் சொன்னேன். உன்னைக் கேட்காமலே உன் சார்பில் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் வந்து கிடக்கிறது. அதில் நீயும் ஒரு கோணல் கணக்கை எழுதி அனுப்பிவிடலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறாய், அதுவும் மாமா கேட்டதற்கு நேர் எதிரான கணக்கை. வந்த கோபத்தில் அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறும்வரை காத்திருந்தால் தபால் போய்விடும். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், நீயும் அப்படியே வாசி.

நீ கேட்டதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், காதுக்கு எப்படி இருக்கிறது என்று பார். போர் வந்ததிலிருந்து அரசாங்கம் எங்கள் நெல்லில் ஒரு பங்கைக் கேட்கிறது. பங்கு எவ்வளவு என்பது ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்பதைப் பொறுத்தது. அதை மதித்துச் சொல்லத்தான் உன் காரியாலயம் உன்னைக் கொழும்பிலிருந்து எங்கள் வட்டைக்கே அனுப்பியது. ஊர்ப்பிள்ளை போனால் சனம் வாய்திறக்கும் என்று நினைத்திருப்பார்கள். படுவான்கரையில் வாவியோரம் தொடங்கி மேட்டுக்காடு வரை கிடக்கும் அத்தனை வயலையும் அறுத்து நிறுக்க யாராலும் முடியாது. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சதுரங்களை அறுத்து, அடித்து, நிறுத்து, அதிலிருந்து முழு வட்டையின் சராசரி இவ்வளவு என்று சொல்லவேண்டும். நீ இரண்டு தரம் அறுத்தாய். முதல் தரம் இருபத்தைந்துக்கும் இருபத்தேழுக்கும் இடையில் என்று வந்தது. இரண்டாம் தரம் பதினாறுக்கும் இருபத்து நான்குக்கும் இடையில் என்று வந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீதம் என்று எழுதினாய். உன் துரை முதலாவதைப் பார்த்து இதுதான் கணக்கு என்றாராம். இரண்டாவதைப் பார்த்து, தெரியாது என்பதையே நீட்டி எழுதியிருக்கிறாய் என்றாராம். முதலாவதை அனுப்பினால் பதவி உயரும், இரண்டாவதை அனுப்பினால் வேலையே நிலைக்காது. 'இரண்டிலும் அதே தொண்ணூற்றைந்துதானே அம்மா, குறுகலானதை அனுப்பினால் என்ன' என்று எழுதியிருக்கிறாய். பச்சைப் பொய்யைக்கூட இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதுவாய் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அந்தக் குறுகல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உன் துரைக்குத் தெரியாது, அவ்வளவுதான். உன் மாமா எங்கள் வட்டைக்கு விதானை. தண்ணீரை எப்போது திறப்பது, வேலியை எப்போது அடைப்பது எல்லாம் அவர் சொல்தான். தங்கை மகன், நாளைக்கு மருமகனாகப் போகிறவன், தராசும் கத்தியும் கொண்டு வந்து நிற்கிறான் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நீயோ சின்ன வயதிலேயே வாவிக்கு அக்கரையில் புளியந்தீவுப் பட்டணத்துப் பள்ளிக்கூட விடுதிக்குப் போனவன், வயலைத் தோணியில் இருந்து பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு வயலிலும் தண்ணீர் முதலில் ஏறுகிற மூலையில் ஒரு துண்டை, அம்மனுக்குப் புதிர் எடுப்பதற்கென்று, முதல் கதிர் படைப்பதற்கென்று, நாங்கள் தனியாகப் பார்த்து வைப்போம். எரு முதலில் அதற்குத்தான், களை பிடுங்குவதும் முதலில் அங்கேதான். அறுவடையின் முதல் கத்தி அந்த மூலையில்தான் படவேண்டும். வேறிடத்தில் பட்டால் அந்த வயல்காரன் வருஷம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான். மாமா உன்னை வயல் வயலாகக் கூட்டிப்போய் அந்த மூலைகளில்தான் நிறுத்தினார். யாரையும் ஏமாற்ற அல்ல. "எங்கட மருமகன்ட கை முதல்ல நல்ல இடத்தில படட்டும்" என்று அவர் சொன்னதை நான் வரம்பில் நின்று கேட்டேன். நீயும் சிரித்துக்கொண்டே அறுத்தாய். எல்லா வயலின் செல்லப்பிள்ளை மூலையும் ஒன்றுபோலத்தான் கொழுத்திருக்கும். ஆகவே உன் எடைகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன, ஒட்டி வந்ததால் இடைவெளி குறுகியது. அன்று பின்னேரம் அந்தக் கணக்கை என்னிடம் காட்டி எவ்வளவு பெருமைப்பட்டாய். "மனே, நீ வெட்டினதெல்லாம் புதிர் மூலை" என்று நான் சொன்னதும் உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு நீ செய்தது எனக்குப் பிடித்தது. யாரையும் குறை சொல்லாமல், வரைபடத்தில் உள்ள வயல் எண்களையெல்லாம் சீட்டில் எழுதிக் கடகத்தில் போட்டுக் குலுக்கி, கையில் வந்ததை எடுத்தாய். வயலுக்குள் எவ்வளவு தூரம் நடந்து எங்கே அறுப்பது என்பதையும் சீட்டே சொல்லட்டும் என்று விட்டாய். ஒரு சீட்டு வாவியோரத்தில் சின்னத்தம்பியின் உவர் வயலில் விழுந்தது. அவன் செவ்விளநீர் ஒன்றைச் சீவி உன் கையில் தந்துவிட்டு, "தம்பி, இதையா வெட்டப் போறீங்க? பாக்கிற சனம் என்ன சொல்லும். ஒள்ளம் அங்கால வாங்க, நல்ல கதிர் கிடக்கு" என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நல்ல கதிரைக் காட்டினால் தன்னிடமிருந்து நெல் கூடப் போகும் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் மானம் பெரிதாய்ப் போயிற்று. நீ இளநீரைக் குடித்தாய், இடத்தை விட்டு அசையவில்லை. அந்த உவரும், பள்ளமும், மேட்டு வயலின் கொழுப்பும் எல்லாம் சேர்ந்துதான் உன் இரண்டாவது இடைவெளியை அகலமாக்கின. எங்கள் வட்டை ஒருசீராகக் கிடக்கவில்லை, நீ அறுத்த துண்டுகளோ கொஞ்சம். அகலம் அதனால் வந்தது. அதைப் பார்த்து ஊர் சிரித்ததும் உண்மைதான். முதல் தரம் நன்றாகத் தெரிந்தவனுக்கு இரண்டாம் தரம் மறந்துபோயிற்று என்று கேலி பண்ணினார்கள்.

அந்தத் தொண்ணூற்றைந்து எனக்கும் உடனே பிடிபடவில்லை. நான் கலியாணத்துக்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் சிறுமிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், வீதம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வயல் இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் விளையும் என்பதா என்று கேட்டேன். இல்லை என்றாய், இது சராசரியைப் பற்றிய பேச்சு, தனி வயலைப் பற்றியதல்ல என்றாய். சரி, உண்மையான சராசரி இதற்குள் கிடக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு, அப்படித்தானே என்றேன். அதற்கும் இல்லை என்று தலையை ஆட்டினாய், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு நீ வாவிக்குள் முழங்கால் தண்ணீரில் மீனுக்குக் கரப்புக் கூடை குத்திக்கொண்டு நின்றவர்களைக் காட்டினாய். கலங்கல் தண்ணீரில் மீன் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. அடியில்லாத அந்தக் கூடையைச் சடக்கென்று குத்தி, மேல்வாயால் கையை விட்டுத் துழாவுகிறார்கள். கூடை அகலமென்றால் மீனை மூடுவது அதிகம், ஆனால் துழாவுவது பாடு. கூடை ஒடுக்கமென்றால் துழாவும் வேலை குறைவு, ஆனால் ஒன்றும் அகப்படாமல் போவதும் அதிகம். ஓடாத மீனாக ஒன்றை நினைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நீ சொன்னாய்: "நூறு தரம் குத்தினால் தொண்ணூற்றைஞ்சு தரம் மீனை மூடுற கை எண்டு ஒரு கை இருக்கெண்டு வையுங்க. அந்தத் தொண்ணூற்றைஞ்சு கையின்ர குணம் அம்மா. இப்ப குத்தின இந்தக் கூடைக்குள்ள மீன் கிடக்கு, இல்லாட்டி இல்லை. தொண்ணூற்றைஞ்சு பங்கு மீன் கிடக்காது." அப்போது விளங்கியது. எங்கள் வட்டையின் சராசரி ஓரிடத்தில் அசையாமல் கிடக்கிறது. சீட்டுக்குச் சீட்டு இடம் மாறுவது நாங்கள் குத்துகிற கூடை.

எனக்கு இதைச் சொல்லித் தந்த நீயே இப்போது புதிர் மூலையில் குத்திய கூடைக்கும் அந்தக் கையின் பெயரைச் சூட்டுகிறாய். முழு வாவியும் கிடக்க, ஒரு மூலைக் குட்டையில் மட்டும் குத்தினவனுக்கு அந்தத் தொண்ணூற்றைந்து கிடையாது. குலுக்கிய சீட்டுக்குத்தான் அந்த வீதம் சொந்தம். முதல் கணக்கில் நீ அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாய், அப்போது உனக்குத் தெரியாது, போகட்டும். இன்றைக்குத் தெரிந்துகொண்டு எழுதினால் அதற்கு வேறு பேர். குறுகலாய் இருப்பதும் சரியாய் இருப்பதும் ஒன்று என்று உன் துரை நினைக்கிறார் என்றால், அவருக்குத் தெரியாததை எடுத்துச் சொல்லத்தானே உனக்குச் சம்பளம்.

குறுகலைக் கண்டு மயங்குவது துரைமார் மட்டுமல்ல. உன் சாதகத்தின் கதையைக் கேள், மாமா சொல்லும் பொருத்தத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. நீ பிறந்தபோது எங்கள் வீட்டில் மணிக்கூடு இல்லை. மாரி மழை, சூரியனும் இல்லை. பொழுது சாய முந்தி என்றாள் மருத்துவிச்சி. மாடு பட்டிக்கு வந்த பிறகு என்றார் உன் அப்பா. நான் கிடந்த கிடையில் எனக்கு நாளே தெரியாது, நேரம் எங்கே தெரியும். சாத்திரியார் இவ்வளவையும் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு, நாழிகை, விநாழிகை வரை பிசகில்லாமல் எழுதிக் கையில் தந்தார். அந்த விநாழிகையைக் கண்டு ஊர் எப்படி வாயைப் பிளந்தது தெரியுமா. இவ்வளவு நுணுக்கமாக எழுதினவர் பிழை விடுவாரா என்றார்கள். உன் அப்பா மட்டும், "மாடு வந்ததில இருந்து விநாழிகை எப்பிடி வந்தது?" என்று என் காதுக்குள் கேட்டுச் சிரித்தார். அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, அந்தச் சிரிப்பை மட்டும் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வளவு காலமும் பூரணத்தின் சாதகத்தோடு அமோகமாகப் பொருந்திய அதே விநாழிகை இந்தக் கிழமை பொருந்தாமல் போனதென்றால், கிரகத்தைக் குறை சொல்லி என்ன பயன். மாறியது மாமாவின் மனம்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு குறுக்குவழியும் எழுதியிருக்கிறாய். காரியாலயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் உன் காதில் ஓதினாராம். இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொண்டு, தொண்ணூற்றைந்தை ஐம்பதாக இறக்கினால் இடைவெளி ஏறக்குறையப் பத்தொன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் என்று சுருங்கிவிடும், அனுப்பும்போது வீதத்தை எழுதாமல் விட்டுவிடு என்றாராம். அதில் பொய் எண் ஒன்றுமே இல்லையே அம்மா என்கிறாய். இல்லைதான். நூறு தரம் குத்தினால் ஐம்பது தரம் வெறுங்கையாக வருகிறவனை, கைராசிக்காரன் என்று பார்க்கிற சனம் நினைத்தால் நினைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான். நிச்சயத்தை விட்டுக்கொடுத்தால் நுணுக்கம் கிடைக்கும். இரண்டும் வேண்டுமென்றால் இன்னும் நிறைய அறுக்கவேண்டும், இடைவெளியைப் பாதியாக்க நாலு மடங்கு துண்டு வேண்டும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். இனி அதற்கும் வழியில்லை. வயல்கள் அறுபட்டு, கதிரெல்லாம் களத்தில் சூட்டுப் போராக ஏறியாயிற்று. இந்தப் போகத்துக்கு உன் கையில் இருப்பது இவ்வளவுதான். இருப்பதை இருக்கிறபடி சொல்வதற்கு என்ன வெட்கம்.

இனிக் கோயில் முன்றலில் நடந்ததைக் கேள். உன் இரண்டாவது கணக்கு எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாமா வயல்காரர் எல்லாரையும் கூட்டினார். நானும் போனேன், என் வயலும் அந்த வட்டையில்தானே கிடக்கிறது. முதலில் சின்னத்தம்பி எழும்பினான். "எனக்கு ஒம்பதும் தேறாது. பதினாறில இருந்து எண்டு எழுதினவன் என்ர வயலைப் பாத்துத்தானே போனவன். என்ர இளநியையும் குடிச்சவன்" என்றான். மேட்டு வயல்காரர் வாயே திறக்கவில்லை, முப்பது விளைந்தவன் ஏன் திறக்கிறான். நான் எழும்பி, அது ஒவ்வொருவருடைய வயலையும் பற்றிய பேச்சல்ல, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பகிர்ந்தால் ஏக்கருக்கு எவ்வளவு என்பதைப் பற்றிய பேச்சு என்று சொன்னேன். சின்னத்தம்பிக்கு விளங்கியதோ இல்லையோ, கீழே இருந்துவிட்டான். மாமா என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ரெண்டு எண் சொல்றவன் ஒண்டும் சொல்லாதவன்தான். கீழ் எண்ணை அவன்ட கையாலயே எழுதியிருக்கான். அதை மட்டும் எழுதச் சொல்லு. வாவிக்கரைச் சனத்துக்கு விதைநெல்லாவது மிஞ்சும்."

உன் மாமா கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். போன போகம் விதைநெல் இல்லாமல் போன வீடுகளுக்கு அவர்தான் ஓடி ஓடி நெல் சேர்த்துக் கொடுத்தார். முதல் கணக்கு சொல்கிறபடி இருபத்தாறு என்று வைத்துப் பங்கு கேட்டால் சின்னத்தம்பி போன்றவர்கள் எங்கே போவார்கள் என்ற அவர் பயம் நியாயமான பயம். அந்த இருபத்தாறு உங்கள் அன்பால்தான் வந்தது அண்ணன் என்று ஒரு சொல் அங்கே சொல்லியிருந்தால் அவர் வாய் அடைபட்டிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது, சபையில் அவரைக் குனியவைக்க மனம் வரவில்லை. வேறு சொன்னேன்.

"அண்ணன், பதினாறு எண்டது ஒரு கரை. இருபத்து நாலு மற்றக் கரை. ஒரு கரையில மட்டும் நிண்டுகொண்டு ஆறு இவ்வளவுதான் எண்டு சொல்லேலாது. புளியந்தீவில கூப்பன் அரிசிக்கு வரிசையில நிக்கிற சனத்துக்கும் வயிறு கிடக்கு."

"அப்ப உன்ர மகன் துரைமாருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை."

"ஓம் அண்ணன். இந்தக் கணக்கில ரெண்டு பேருக்கும் இல்லை."

"அப்பிடியெண்டா என்ர மகளுக்கும் இல்லை" என்றார். பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சாதகத்தைப் பற்றிச் சொன்னார். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன்.

பதினாறு என்று எழுதினால் எனக்கு லாபம் என்பதையும் மறந்துவிடாதே. என் வயல் மேட்டு வயல், நன்றாக விளைந்தது, என்னிடமிருந்து போகும் பங்கு குறையும். அந்த லாபத்தை வேண்டாம் என்றுதான் எழும்பி நின்றேன். சின்னத்தம்பிக்கு உதவ வேண்டுமென்றால் பொய்யில்லாமல் உதவ வழி இருக்கிறது. உவர் வயலையும் மேட்டு வயலையும் ஒரே சராசரிக்குள் போட்டுக் கட்டாதே என்று உன் துரைக்கு எழுது. அடுத்த போகம் வாவியோரத்தைத் தனியாகவும் மேட்டைத் தனியாகவும் சீட்டுக் குலுக்கி அறுக்கவேண்டும், இரண்டுக்கும் பங்கும் தனித்தனியாகக் கேட்கவேண்டும் என்று எழுது. இந்தப் போகத்துக்குப் பங்கு பிடிக்கும்போது இடைவெளியின் அகலத்தை மனதில் வைத்துப் பிடியுங்கள் என்றும் எழுது. உன் அகலமான கணக்குக்குத்தான் இதையெல்லாம் கேட்க வாயிருக்கிறது. எல்லாம் தெரியும் என்று நிற்கிற குறுகல் கணக்கு யாருக்காகப் பேசும்.

அடுத்த நாள் உன் மாமி வந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்து வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆனால் போடாமல், நேரே கேட்டாள்.

"மச்சாள், நூறில அஞ்சு தரம் பிழையாப் போகும் எண்டு அவனே சொல்லியிருக்கானாம். இது அந்த அஞ்சில ஒண்டு எண்டா?"

"அப்பிடியும் இருக்கலாம்."

"எப்ப தெரிய வரும்?"

"தெரியாமலே போகவும் கூடும் மச்சாள். இந்த வட்டை நெல் முழுக்க ஆர் அளக்கப் போறாங்க. பாதியை மண்ணுக்குள்ள புதைச்சுப்போட்டுத்தானே எல்லாரும் மற்றப் பாதியைக் காட்டுவாங்க."

அவள் சிரித்துவிட்டாள், தன் வீட்டு நெல்லும் நினைவு வந்திருக்கும். பிறகு, "பிழையாப் போகலாம் எண்டு தன்ர கையாலயே எழுதி, அதுக்குக் கீழ பேரையும் போடுறவன் என்ன மனிசன் மச்சாள்" என்றாள். ஏசுகிறாளா மெச்சுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "என்ர மனிசன் இத்தின வருஷத்தில ஒரு நாளும் எனக்குத் தெரியாது எண்டு ஒரு சொல் சொன்னதில்லை. அதால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்று அவளே தொடர்ந்தபோதுதான் புரிந்தது. எழும்பும்போது சொன்னாள்: "வயலும் வளவும் என்ர தாய் எனக்குத் தந்தது, நான் என்ர மகளுக்குக் குடுக்கிறது. சபையில சொன்னது அவர்ர சொல். மறுகா நானும் என்ர சொல்லைச் சொல்லுவன். முதல்ல பிள்ளையைக் கேக்கவேணும்." எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணின் கையில் இருப்பதற்கு நான் இவ்வளவு நாளும் பெரிதாக நன்றி சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

ஆகவே நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன், யோசனையாக அல்ல, உன்னைப் பெற்றவளின் சொல்லாகவே எடுத்துக்கொள். இரண்டாவது கணக்கை அனுப்பு. இரண்டு முனையையும் எழுது, பக்கத்தில் தொண்ணூற்றைந்தையும் எழுது. முதலாவது ஏன் செல்லாது என்பதையும் எழுது. எந்த மூலையில் அறுத்தாய் என்று எழுது, யார் கூட்டிப்போனார் என்று எழுதாதே, மாமாவின் பெயர் அதில் வரக்கூடாது. கீழே உன் பெயரை முழுதாகப் போடு. அவர்கள் வேலையை விட்டு நிறுத்தினால் ரயில் ஏறி வா. இந்த வீட்டில் சோறு இருக்கிறது, புளியந்தீவில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடும் பள்ளிக்கூடமும் இருக்கும். நாளைக்கு உண்மை உன் இரண்டு முனைக்கும் வெளியே கிடந்தது என்று யாராவது காட்டினால், ஓம், இது அந்த ஐந்தில் ஒன்று என்று நிமிர்ந்து நின்று சொல்லு. அதற்காக நான் ஒருநாளும் உன்னைக் குறை சொல்லமாட்டேன். புதிர் மூலைக் கணக்கை அனுப்பிவிட்டு அது தற்செயலாகச் சரியாகவே வந்தாலும், அந்தப் பதவியோடு இந்த வாசலுக்கு வராதே. இதைக் கோபத்தில் எழுதுகிறேன்தான், ஆனால் கோபம் ஆறினாலும் மாற்றமாட்டேன்.

இன்று காலை பூரணம் வந்தாள். தாய்க்குத் தெரிந்துதான் வந்தாள், தகப்பனுக்குத் தெரியாமல். நான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "மாமி, வேலையும் போய், அப்பாவும் ஓமெண்டு சொல்லாட்டி, அவர் என்னைக் கட்டுவாரோ?" என்று கேட்டாள். இவ்வளவு பக்கமும் நிமிர்ந்து எழுதிய எனக்கு அந்த நேரம் வாய் தடுமாறியது. "அநேகமாக் கட்டுவான் கிளி, நான் அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க நினைக்கிறது வேணாம் மாமி. இது சீட்டுக் குலுக்கிப் பாக்கிற விசயமில்லை. அவருக்குத் தெரியும், அவரைச் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. வட்டையின் விளைச்சல் உனக்குத் தெரியாது, அதனால் இரண்டு முனை வைத்தாய், அதற்காகத்தான் நான் ஊரோடும் கூடப்பிறந்தவரோடும் மல்லுக்கு நிற்கிறேன். இது உனக்குத் தெரிந்த விஷயம். இதற்கு இடைவெளி விட்டு எழுதினால் நானே உன்னை மன்னிக்கமாட்டேன். ஒரு சொல்லில் எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கே எழுது.

உன் அம்மா